ஓடாத வண்டி பதின்மூன்று கிலோமீட்டர்

பரசுராமனுக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு பெயர். அவனுக்கும் சேர்த்து எனக்கு வரும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா, பென்ஷன் என்று எதற்கு மனு எழுத வேண்டுமானாலும் ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள். தினம் பத்துப் பேருடைய வயிற்றெரிச்சலை உட்கார்ந்து எழுதுகிறவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? பேப்பர் கட்டு விலை ஏறிவிட்டது, சிலிண்டர் விலை ஏறிவிட்டது, செல்போன்காரன் இருபத்தெட்டு நாளை ஒரு மாசம் என்கிறான். வருஷத்துக்குப் பதின்மூன்று மாசம் என்று எந்தப் புண்ணியவான் அவனுக்குப் பஞ்சாங்கம் எழுதிக் கொடுத்தான்? இப்படி நான் கத்திக்கொண்டிருப்பேன். பரசு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடுண்ணே, பிபி ஏறும்" என்பான்.

அவனுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை போடுகிற குடும்பம். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். எங்கள் ஊர் தங்கம்மாளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவன், இருபது வருஷம் டீசல் ஆட்டோ ஓட்டினான். டீசல் விலை ஏற ஏற, வண்டி குடித்ததுபோக வீட்டுக்கு மிஞ்சியது கம்மியாகிக்கொண்டே போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை விற்றுவிட்டு பேட்டரி ஆட்டோ ஒன்று வாங்கினான். புகை இல்லை, சத்தம் இல்லை, கவலை இல்லை என்று கம்பெனிக்காரன் நோட்டீஸில் போட்டிருந்தான். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கைப்பிடி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் போனது என்பதையெல்லாம் அது கம்பெனிக்குச் சொல்லிவிடுமாம். பரசுவுக்கு அதில் ஒரே பெருமை.

"திருடு போனாகூட அவங்களே கண்டுபுடிச்சிடுவாங்கண்ணே. எப்பவும் நம்மள பாத்துகினே இருக்காங்க."

"பாத்துகினே இருக்கறது நல்லதுக்குத்தானான்னு கேட்டியா?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த வண்டியில் எட்டுப் பிள்ளைகளைக் காலையில் டவுன் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவான். பை மாட்ட எட்டுக் கொக்கி அவனே அடித்து வைத்திருந்தான். கவிநிலா என்கிற வாயாடிக்கு எப்போதும் முன் சீட்டுதான். எழில் என்கிற பையன் வாரத்தில் மூன்று நாளாவது ஒரு ஷூவைக் கழற்றி வண்டியிலேயே விட்டுவிடுவான். பரசு அதை எடுத்துக்கொண்டு வகுப்பு வரைக்கும் ஓடுவான். மற்ற சவாரி இன்று வரும், நாளைக்கு வராது. இந்த எட்டுப் பிள்ளைகள்தான் அவன் வீட்டில் மாசாமாசம் அரிசி.

ஆனி மாசம் பெய்த மழையில் வண்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. நாலடி போகும், நிற்கும், ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி போகும். கம்பெனி நம்பருக்குப் போன் போட்டான். தமிழுக்கு ஒன்றை அழுத்து, பழுதுக்கு மூன்றை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், பாட்டு. அரை மணி நேரம் பாட்டு ஓடிவிட்டு லைன் தானாக அறுந்துவிடும். நான் போட்டேன். எனக்கும் அதே பாட்டு. புகார் பதிவாகிவிட்டது, ஆள் வருவார் என்று மெசேஜ் மட்டும் வந்தது. பதினோரு நாள் ஆகியும் ஒருத்தனும் வரவில்லை. அதற்குள் பிள்ளைகள் இரண்டு தரம் ஸ்கூலுக்கு லேட்.

பன்னிரண்டாம் நாள், பாதையில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் தருமனிடம் வண்டியைக் கொண்டுபோனான். தருமன் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, களிம்பு பிடித்த ஒரு கம்பியைச் சுரண்டி முறுக்கினான். ஐந்து நிமிஷம்.

"இதுக்கா பன்னெண்டு நாளு? டீக்காசு குடு போதும்."

வண்டி ஜோராக ஓடியது. மறுநாளே கம்பெனியிலிருந்து மெசேஜ். பரசு கண்ணாடி எடுத்து வரவில்லை என்று போனை என்னிடம் நீட்டினான். அனுமதி இல்லாமல் வண்டி திறக்கப்பட்டிருக்கிறதாம். வருகிற சனிக்கிழமை மாலை நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கம்பெனி ஆள் வந்து சோதிப்பாராம். வண்டி பதிவு செய்த முகவரியில், அதாவது பரசுவின் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமாம்.

பன்னிரண்டு நாள் செத்துக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவன், ஒரு மூடியைத் திறந்ததும் முழித்துக்கொண்டான் பார்த்தீர்களா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தருமனுக்கும்தான்.

"அந்த கறுப்பு பொட்டிய தூக்கி கடாசிட்டு நேரா கம்பி குடுத்துடறேன். அப்பறம் எவனாலயும் உன் வண்டிய ஒன்னும் பண்ண முடியாது" என்றான். பிறகு அவனே தலையைச் சொறிந்தான். "ஆனா கேரண்டி போயிடும். நாளைக்கு பேட்டரி செத்தா நீதான் வாங்கணும். ஒரு லட்சத்துக்கு மேல ஆவும்."

"வேணாம்பா" என்றான் பரசு. "அவங்க சொல்றபடி நாம நடந்துகினா அவங்களும் நம்மள பாப்பாங்க."

கம்பெனி வண்டியைச் சோதிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவிநிலாவின் அம்மா அபிநயா போன் செய்தாள். எட்டு வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கெழம காலைல வண்டி வரலன்னா நாங்க வேற ஆளுகிட்ட பேசி வெச்சிருக்கோம். புள்ளைங்க படிப்புண்ணா." பரசு, "வந்துடும்மா, கட்டாயம் வந்துடும்" என்று நாலு தரம் சொன்னான்.

சனிக்கிழமை பௌர்ணமி. கம்பெனிக்காரனுக்கு அது தெரியுமா? விடியற்காலையிலேயே ஜனம் மலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. போலீஸ் வண்டிகளை நிறுத்துவதற்கு முன்னால் அன்னதானப் பந்தலுக்குத் தண்ணீர் கேன் இறக்கிவிட்டு வருகிறேன் என்று பரசு போனான். பந்தல் அவன் வீட்டைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர். கேனை இறக்கி முடித்து ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி அசையவில்லை. போனில் மெசேஜ். பாதுகாப்புக் கருதி வண்டி பூட்டப்பட்டுள்ளது, சோதனைக்குப் பிறகு திறக்கப்படும்.

எனக்குப் போன் செய்தான். கடையைச் சாத்திவிட்டுக் கூட்டத்தோடு நடந்து போனேன். அவன் வண்டியின் நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். கம்பெனி நம்பருக்குப் போட்டு, மூன்றை அழுத்தி, ஏழை அழுத்தி, கடைசியில் ஒரு மெஷின் குரல் சொன்னது. வண்டி பதிவு செய்த முகவரியில் இருந்தால்தான் சோதனை நடக்கும். இல்லையென்றால் அடுத்த முறை இருபத்தாறு நாள் கழித்து. இருபத்தாறு நாள்! திங்கட்கிழமை எட்டுப் பிள்ளைகளும் வேறு வண்டியில் ஏறிவிடுவார்கள்.

சக்கரம் உருண்டது. தள்ளலாம். ஆனால் வீடு இருப்பது பின்னால். பாதை முழுக்க ஜனம் முன்னால் வந்துகொண்டிருந்தது.

"எதுர்ல தள்ளிகினு போயிடலாமாண்ணே? முக்கா கிலோமீட்டர்தான்" என்றான் பரசு.

"உனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பௌர்ணமி அன்னிக்கு எதிர்ச்சுத்தா? ஜனம் வாயில வெச்சி அரைச்சிடும். போலீஸ் விடாது. மலைக்கும் ஆவாது. ஜனத்தோட சேந்து தள்ளுடா. பதிமூணு கிலோமீட்டர், ஆளுக்கு ஒரு கை குடுப்பாங்க, நாலு மணிக்குள்ள வீட்டு வாசல்ல நிக்கலாம்."

இதைச் சொன்னவன் நான். மனு எழுதி எழுதி, எதற்கும் என்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று எனக்கே ஒரு நினைப்பு. பரசு ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தான். செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டான். மலையைச் சுற்றும்போது செருப்பு போட மாட்டான், தள்ளிக்கொண்டு சுற்றினாலும் சுற்றுதான் என்றான். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம்.

வாயு லிங்கக் கோயிலுக்கிட்ட தடுப்பு. ஒரு பெண் போலீஸ் கையை நீட்டி மறித்தாள். "வண்டி கெடையாதுன்னு போர்டு வெச்சிருக்கு, தெரியல?"

நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவள் பரசுவின் வெறுங்காலைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஓட்டுனாதான் வண்டி. தள்ளுனா அது சாமான். போங்க, போங்க." தடுப்பை அவளே நகர்த்தினாள்.

குபேர லிங்கம் வரைக்கும் ஆந்திராவிலிருந்து வந்த நாலு பேர் தள்ளினார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. பாஷை புரியாமல் பரசு தலையை ஆட்டி வைத்தான். இரண்டு காலேஜ் பையன்கள் முதலில் வீடியோ எடுத்தார்கள். "எடுத்தது போதும், தோள குடுங்கடா" என்று நான் கத்தியதும் சிரித்துக்கொண்டே வந்து தள்ளினார்கள். ஈசான்யம் தாண்டி டவுனுக்குள் நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ராஜகோபுரத்துக்கு எதிரே பரசு ஒரு கையை எடுத்துக் கும்பிட்டான். மறுகை ஹேண்டில்பாரை விடவில்லை. செங்கம் ரோட்டில் தார் கொதித்தது. என் முட்டி பாதியிலேயே பழுதாகிவிட்டது. நான் பின்னால் நொண்டிக்கொண்டே எல்லாக் கம்பெனிக்காரனையும் திட்டிக்கொண்டு போனேன். அவன் அரை மணிக்கு ஒருதரம் மணி கேட்பான், அவ்வளவுதான். நிருதி லிங்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது அவன் உள்ளங்காலைப் பார்த்தேன். இரண்டிலும் தோல் கொப்பளித்துக் கிழிந்திருந்தது.

"பஸ் புடிச்சி வந்துகினு இருப்பாருண்ணே அந்த ஆளு" என்றான். "நாம லேட் பண்ணக்கூடாது."

தருமன் பட்டறையைத் தாண்டும்போது மணி நாலு. நாலு இருபதுக்கு வீட்டு வாசலில் வண்டி நின்றது. தங்கம்மாள் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து முதலில் புருஷன் காலில் ஊற்றினாள், மிச்சத்தைச் சக்கரத்தில் ஊற்றினாள். "யாரும் வர்ல. காலையிலருந்து வாசல்லயே உக்காந்துகினு கீறேன்" என்றாள். பரசு சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். அவ்வளவு வலியிலும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். சொன்னபடி செய்துவிட்டேன் பார் என்கிற சந்தோஷம்.

நாலு முப்பத்திரண்டுக்குப் போன் டிங் என்றது. என்னிடம் நீட்டினான். நான் சத்தமாகவே படித்தேன்.

"அன்புள்ள பரசுராமன், உங்கள் வாகனம் இன்று 13.2 கிலோமீட்டர் பயணம் செய்துள்ளது. எனவே பழுது நீங்கியதாகக் கருதி உங்கள் புகார் முடித்து வைக்கப்படுகிறது. பொறியாளர் வருகை ரத்து செய்யப்பட்டது. பயணம் இனிதாகட்டும்!"

"இன்னொருதரம் படிண்ணே" என்றான்.

படித்தேன். ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்த்தான். பூட்டு பூட்டாகவே இருந்தது.

"ஓடுச்சாமா?" என்று தங்கம்மாள் கத்தினாள். "எந்தக் கேடுகெட்டவன் சொன்னான் ஓடுச்சின்னு? இந்த மனுசன் காலு ரெண்டையும் வந்து பாக்கச் சொல்லுங்க அவன!"

என்னால் பரசுவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் அவன் சொன்னபடி முக்கால் கிலோமீட்டர் பின்னால் தள்ளியிருந்தால் அந்தப் பெட்டி அதைக் கண்டுகொண்டிருக்காது. ஆள் வந்திருப்பான். சுற்றிப் போகச் சொன்னவன் நான். ஒரு நாள் முழுக்க அவனைச் சாகடித்து, அதையே அவனுக்கு எதிரான சாட்சியாக்கிக் கொடுத்தவன் நான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திட்டவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். வந்த வழியே, ஜனத்துக்கு எதிராக.

"டேய், எங்கடா?"

"தருமன் கடைக்கு."

"கூட்டம் காலையில விட டபுளா கீது, எதிர்ல எப்படிடா..." என் வாய் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டது.

"இன்னொரு சுத்து சுத்தச் சொல்றியாண்ணே?" என்றான். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் கை வைத்தேன்.

தருமன் பட்டறை வீட்டிலிருந்து வந்த வழியில், காலையில் நான் பயந்த அதே முக்கால் கிலோமீட்டர் இருக்கும். பாதை அடைத்துக்கொண்டு ஜனம் எதிரே வந்தது. பரசு குனிந்து தள்ளிக்கொண்டே, "கொஞ்சம் வழி விடுங்க சாமி, கொஞ்சம் வழி விடுங்க" என்று மட்டும் சொன்னான். விட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு அம்மா தன் பேரனை இழுத்து ஓரமாக நிறுத்திக்கொண்டாள். காவி வேட்டி கட்டிய ஒருத்தர் முன்னால் திரும்பி நடந்து, "வழி, வழி" என்று கையை ஆட்டிக்கொண்டே வந்தார், அவருக்கு நாங்கள் யார் என்றே தெரியாது. பட்டறை வாசலில் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. என் செருப்பாலேயே என்னை அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"பொட்டிய எடுத்துடு" என்றான் பரசு.

தருமன் அவன் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கேரண்டிப்பா..."

"எடுத்துடு."

சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, நாலு கம்பியை வெட்டி, இரண்டை ஒட்டினான். கறுப்புப் பெட்டியைக் கழற்றி ஸ்பேனர்களுக்கு நடுவில் போட்டான். பரசு ஆக்ஸிலேட்டரைத் தொட்டான். பின் சக்கரம் ஒரு முழம் உருண்டது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பரசுவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம் சார், பரசுராமன் சாருங்களா? கம்பெனில இருந்து வினோதினி பேசுறேன். உங்க வண்டி சிக்னல் திடீர்னு கட் ஆயிடுச்சு சார். வண்டி பத்திரமா இருக்குங்களா?"

பாட்டு இல்லை, ஒன்று இரண்டு இல்லை. மனுஷி. பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. பரசு போனை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏம்மா" என்றான். "பதினெட்டு நாளா எங்கம்மா இருந்தீங்க?"

அந்தப் பெண் தடுமாறினாள். "சார், எனக்கு சிக்னல் போன வண்டி லிஸ்ட் மட்டும்தான் சார் வரும். வண்டி ஓடலன்னா அது வேற டீம்."

"அந்த டீம்ல மனுசங்க இருக்காங்களா?"

மெதுவாக, "தெரியல சார்" என்றாள். அப்புறம் அவசரமாகச் சொன்னாள். "சார், பொட்டிய கழட்டியிருந்தீங்கன்னா உடனே மாட்டிடுங்க சார். வாரண்டி கேன்சல் ஆயிடும். பேட்டரி ரேட்டு ரொம்ப ஜாஸ்தி சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நீ நல்ல பொண்ணும்மா. ஆனா மாட்ட மாட்டேன். திங்கக்கெழம எட்டு புள்ளைங்க ஸ்கூலுக்கு போவணும்" என்று சொல்லிப் போனை வைத்தான். ஒரு லட்சம் என்பது அவனுக்கு விளையாட்டு இல்லை. பேட்டரி மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். இனிமேல் அந்த வண்டி முனகினாலும் அவனுக்குத் தூக்கம் வராது என்று எனக்குத் தெரிந்தது. தருமன் காசு வாங்க மாட்டேன் என்றான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றது. உள்ளே எட்டுப் பிள்ளைகள், கொக்கியில் எட்டுப் பை. பரசுவின் இரண்டு காலிலும் கட்டு. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று போனை நீட்டினான். இப்போதுதான் ஏதோ மெசேஜ் வந்ததாம்.

படித்தேன். படிக்கும்போதே எனக்குப் பிபி ஏறியது. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

"அன்புள்ள பரசுராமன், உங்கள் வாகனம் இரண்டு நாட்களாக ஓடவில்லை. உதவி தேவையா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும்."

பரசுராமன் வாயிலிருந்து நான் ஒரு நாளும் கேட்டிராத ஒரு வார்த்தை வந்தது. முன் சீட்டில் இருந்த கவிநிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சிரிக்க, அவன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினான்.